வெற்றிலை பாக்கு வைத்துக் கொளுத்திய குன்று

காட்டில் நெருப்பு வைக்காதீர்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்வதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில்தான் என் குன்று எரிந்தது. சும்மா எரியவில்லை. நாற்பது பேர் கூடி, புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்து, வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு எரித்தார்கள். அன்று அங்கே இருந்தவர்களில் எனக்குச் சொந்தமில்லாதவர் ஒரே ஒருவர். அவர் என் ஆபீசர்.

எங்கள் ஊர் ஆந்திராவில், வரதய்யபாளையத்துக்கும் பிச்சாட்டூருக்கும் நடுவில் இருக்கிறது. ரேஷன் கார்டு தெலுங்கில் இருக்கும், சண்டை தமிழில் நடக்கும். ஊருக்கு மேற்கே ஒரு குன்று. பெரிய மலை என்று சொல்ல முடியாது. அடுப்பில் உலை வைத்துவிட்டு ஏறினால், சோறு குழைவதற்குள் இறங்கி வந்துவிடலாம். அதன் முதுகுக்கு அந்தப் பக்கம்தான் நிஜமான காடு ஆரம்பிக்கிறது. குன்றின் இந்தப் பக்கம் முழுக்க ஈச்சம் புதர். பழம் தின்கிற உயரமான ஈச்ச மரம் இல்லை, இடுப்பு உயரத்துக்கு மேல் வளராத சின்ன ஜாதி. அதன் ஓலையை அறுத்து, காயவைத்து, ஆணி அடித்த பலகையில் சீவிக் கட்டினால் துடைப்பம். திருப்பதியில் லாட்ஜுகளையும் சத்திரங்களையும் பெருக்கின துடைப்பங்களில் பாதி எங்கள் குன்றில் முளைத்தது என்று என் மாமனார் சொல்வார். பாதி இல்லையென்றாலும் கால்வாசி இருக்கும்.

எங்கள் ஜனங்களுக்கு நெடுங்காலம் சொந்த நிலம் என்று ஒரு சாண் கிடையாது. அதனால் அந்தக் குன்றைத்தான் தங்களுக்குள் பங்கு போட்டு வைத்திருந்தார்கள். பட்டா இல்லை, கல் நடவில்லை, சர்க்காருக்குத் தெரியவும் தெரியாது. இந்தப் பாறையிலிருந்து அந்த மரம் வரைக்கும் இன்னாருடைய ஈச்சம் புதர் என்றால் அது அவர்களுடையதுதான். பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் அதையும் சீரோடு எழுதாமல் எழுதிக் கொடுப்பார்கள். என் மனைவி எனக்கு வந்தபோது காதில் ஒரு தோடு, கையில் ஒரு பித்தளைக் குடம், பிளந்த பாறையிலிருந்து நாவல் மரம் வரைக்கும் ஈச்சம் புதர், இவ்வளவோடு வந்தாள். தோடு போய்விட்டது. குடம் ஓட்டை விழுந்தது. புதர் மட்டும் இருந்தது.

நான் அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் மெட்ராஸில் சென்ட்ரிங் வேலை பார்த்தவன். கட்டி முடிக்காத மாடிக்குக் கீழே தகரக் கொட்டகையில் படுப்பது, சிமெண்ட் தூசி விழுந்த குழம்பைத் துன்னுவது, மாசம் ஒரு தரம் ஊருக்கு வந்து சொந்த வீட்டிலேயே விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பது. அப்படி இருந்தவனுக்கு ஃபாரஸ்ட்டில் ஃபயர் வாட்சர் வேலை கிடைத்தது. தமிழும் தெலுங்கும் பேசத் தெரிந்தவன், குன்றுக்குப் பக்கத்தில் வீடு, போதும் என்றார்கள். தை மாசத்திலிருந்து மழை விழுகிற வரைக்கும் குன்றைச் சுற்றி வர வேண்டும். புகை தெரிந்தால் ஓட வேண்டும். ராத்திரி என் வீட்டில் என் தட்டில் சோறு. எனக்கு அது கலெக்டர் உத்தியோகத்துக்கு ஒரு படி மேலே.

ஆபீசர் கடப்பா பக்கத்துக்காரர். சின்ன வயசு. தமிழ் கொஞ்சம் வரும், கோபத்தில் வராது. முதல் நாளே விஷயத்தைப் பளிச்சென்று சொல்லிவிட்டார். இந்தக் குன்று ஒரு தரம் பற்றிக்கொண்டால் அன்றோடு உன் வேலை போச்சு. எவன் வைத்தான், எதற்கு வைத்தான் என்று கேட்க மாட்டேன், நேராக வீட்டுக்குப் போகலாம் என்றார். வீட்டிலிருந்து மறுபடியும் மெட்ராஸ் கொட்டகைக்குத்தான் போக வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இதில் ஒரு சிக்கல். ஈச்சம் புதருக்கு நெருப்பு வேண்டும்.

எங்கள் பெண்டுகள் இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம், மூன்று வருஷத்துக்கு ஒரு தரம், பொங்கல் கழிந்து பனி விலகுகிற நாட்களில் குன்றின் இந்தப் பக்கத்தைக் கொளுத்துவார்கள். புல்லும் சருகும் காய்ந்திருக்கும், மண்ணில் ஈரம் இருக்கும். மேலே போகிற நெருப்பு புல்லைத் தின்றுவிட்டுப் போகும், அடியில் இருக்கும் கிழங்கைத் தொடாது. இருபது நாளில் அந்தக் கரிக்கட்டையிலிருந்து ஈச்சங் கொழுந்து கிளம்பும். பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை, கிளியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தால் கிளி வெட்கப்படும். அந்த ஓலைதான் முறுக்கினால் உடையாது, கட்டினால் வழுக்காது. சாம்பல் பட்ட இடத்தில் இளம்புல் வரும், ஆடு போகும், ஆட்டுக்கு முன்னால் மான் போகும். உண்ணி செத்துப்போகும். சித்திரையில் எங்கேயாவது பெரிய நெருப்பு கிளம்பினாலும், தின்பதற்கு இங்கே ஒன்றும் இருக்காது.

அதெல்லாம் நின்று ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. ஃபாரஸ்ட்டில் கெடுபிடி ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் கம்பெனி வேன். தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டினால் கம்பெனி, இந்தப் பக்கமும் ஒன்றொன்றாக ஷெட் போட்டார்கள். விடியற்காலையில் வேன் வந்து ஹார்ன் அடித்தால் வாலிபப் பிள்ளைகள், கல்யாணமான பெண்கள் எல்லாரும் டிபன் டப்பாவோடு ஏறிவிடுவார்கள். ஆடுகளை விற்றுவிட்டார்கள். குன்று பக்கம் ஏறிப் பார்க்க ஆளில்லை. டீக்கடைக்காரர் ஒரு நாள் சொன்னார், இப்பல்லாம் நம்ம ஊர்ல மேக்கால திரும்பிப் பார்க்கறவன் வாட்சர் ஒருத்தன்தான், அவனையும் காசு குடுத்துப் பார்க்க வெச்சிருக்காங்க என்று.

நெருப்பு போகாத குன்று எப்படி ஆகும் என்று நான் தினம் பார்த்தேன். பழைய புல் எழுந்திருக்க முடியாமல் படுத்து, அதன் மேல் அடுத்த வருஷத்துப் புல் படுத்து, மெத்தை மாதிரி ஆகிவிட்டது. விதை விழுந்தால் மெத்தையில்தான் விழும், மண்ணைத் தொடாது. ஈச்சம் புதர் ஒவ்வொன்றும் செத்த ஓலையைப் பாவாடை மாதிரி கட்டிக்கொண்டு நின்றது. உள்ளே கையை விட்டால் முள். நடுநடுவே உண்ணிச்செடி புகுந்து, இது என் வீடு என்று பூத்துக்கொண்டிருந்தது.

அந்த ஓலையை அறுத்துவிட்டு வந்த ஒரு சாயங்காலம் என் மனைவி இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே நீட்டினாள். முழங்கை வரைக்கும் கீறல். திருப்பதி வியாபாரி அவளுடைய துடைப்பத்தை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, பெருக்கறதுக்குக் கொண்டு வந்தியா, பெருக்கி அள்ளறதுக்குக் கொண்டு வந்தியா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டானாம். அவ்வளவு உதிர்ந்ததாம்.

"நெருப்பு வெக்கணும்யா," என்றாள்.

நான் என் காக்கிச் சட்டையைக் காட்டினேன்.

"அதையும் சேத்து வெச்சிடலாம்."

அதிலிருந்து பதினைந்து நாள் வீட்டில் எனக்குச் சோறு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை. பேச்சு கிடைத்தாலும் சுவரிடம் பேசுவது போலத்தான் கிடைத்தது. "செவுரே, இந்த வூட்ல ஒருத்தர் குன்னைக் காவல் காக்கறாரு. குன்னு செத்துக்கினு கீது. பொணத்துக்கு எதுக்குக் காவல்?" சுவர் ஒன்றும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அடுத்து அவள் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. ஓலை இந்த வருஷமும் இப்படியே இருந்தால் அவளும் கம்பெனி வேனில் ஏறிவிடுவதாகச் சொன்னாள். அப்போது நான் ராத்திரி யார் வீட்டில் யாரோடு சோறு துன்னுவது?

இதற்கு நடுவில் ஆபீசருக்கும் ஒரு தலைவலி. காட்டு ஓரத்தில், குன்றின் முதுகு நெடுக, ஃபயர் லைன் போட வேண்டும். புல்லையும் சருகையும் ஒரு பட்டையாக வாரி, பார்த்துப் பார்த்துக் கொளுத்தி, வெறும் மண்ணாக்கி வைப்பது. பெரிய நெருப்பு வந்தால் அங்கே நிற்கும் என்று கணக்கு. மாசிக்குள் முடிக்க வேண்டும் என்று மேலிருந்து நெருக்கினார்கள். கூலிக்கு ஆள் பிடித்து வா என்று என்னை மூன்று தரம் அனுப்பினார். நான் மூன்று தரமும் போய், கம்பெனி யூனிபாரம் காய்கிற கொடிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஒரு வீட்டில் கிழவர் ஒருவர் இருந்தார், அவருக்கும் கண் தெரியாது. என்னய்யா உங்கள் ஊரில் மனுஷர்களே இல்லையா என்று ஆபீசர் தெலுங்கில் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை இருப்பார்கள் சார், தூங்கிக்கொண்டு இருப்பார்கள் என்றேன்.

கடைசியில் நான் மனைவியிடம் தோற்றேன். தோற்றதை மூன்று நிபந்தனையாகச் சொன்னேன். அவளுடைய பங்கு மட்டும், பிளந்த பாறையிலிருந்து நாவல் மரம் வரைக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆபீசர் பிச்சாட்டூர் பக்கம் போகிற நாள். ஒரு குஞ்சுக்கும் தெரியக் கூடாது. மூன்றுக்கும் தலையாட்டினாள். அவ்வளவு சுலபமாகத் தலையாட்டினபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

அவளுடைய பங்கை ஒட்டி அவள் தங்கையின் பங்கு. தங்கையை ஏர்பேட்டில் கொடுத்திருந்தது. பக்கத்துப் பங்கைக் கொளுத்துகிறவர்கள் ஒட்டின பங்குக்காரிக்குச் சொல்லிவிட்டுத்தான் கொளுத்த வேண்டும், இது எங்கள் பழக்கம். சொல்லாமல் கொளுத்தினால் அடுத்த கல்யாணத்தில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அதனால் தங்கைக்கு மட்டும் சொன்னாள். அப்போதுதான் செல்போன் வந்து வீட்டுக்கு ஒன்று ஆகியிருந்த சமயம். இவள் மிஸ்டு கால் கொடுக்க, தங்கை திருப்பிக் கூப்பிட, தங்கை தன் பங்குக்கு அடுத்த பங்குக்காரிக்கு மட்டும் சொல்ல, அவள் தனக்கு அடுத்தவளுக்கு மட்டும் சொல்ல, குன்றின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் ஒவ்வொருத்திக்கும் 'மட்டும்' சொல்லியாகிவிட்டது. யாருக்கும் தெரியாது என்று நான் மட்டும் நம்பிக்கொண்டிருந்தேன்.

இதெல்லாமாவது பெண்டுகளுக்குள் நடந்தது. மாமனார் செய்ததுதான் செய்கை. அவர் எதையும் முறைப்படி செய்கிறவர். எங்கள் சாதியில் காரியம் எதுவானாலும் முதல் வெற்றிலை அந்த இடத்துக்குப் பெரியவர் யாரோ அவருக்கு. குன்றுக்குப் பெரியவர் யார் என்று யோசித்திருக்கிறார். ஃபாரஸ்ட் ஆபீசர்தானே என்று முடிவுக்கு வந்திருக்கிறார். வெள்ளை வேட்டி கட்டி, தட்டில் வெற்றிலை பாக்கு, இரண்டு வாழைப்பழம் வைத்துக்கொண்டு, ஷேர் ஆட்டோ ஏறி ஆபீசுக்கே போய், ஞாயித்துக்கெழம காலையில குன்னுக்கு நெருப்பு வெக்கறோம் சாமி, நீங்க அவசியம் வரணும், அம்மாவையும் கூட்டிக்கினு வரணும் என்று அழைத்துவிட்டு வந்திருக்கிறார்.

சனிக்கிழமை சாயங்காலம் அவரே இதை என்னிடம் பெருமையாகச் சொன்னார். நான் சொம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன், அது மூக்கு வழியாக வந்தது.

"இன்னா மாமா பண்ணிட்ட?"

"இன்னா மாப்ள, சொல்லாம செஞ்சா அவருக்கு மனசு கஷ்டமா இருக்காதா?"

ஆபீசர் என்ன சொன்னார் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லையாம், பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டாராம். நான் அன்றைக்கு ராத்திரி என் பழைய சென்ட்ரிங் வேலைப் பையை எடுத்துத் தூசி தட்டி வைத்தேன். நிறுத்திவிடலாம் என்று மனைவியிடம் கெஞ்சினேன். மெட்ராஸிலிருந்தெல்லாம் கிளம்பி வந்துகொண்டிருக்கிறார்கள், இனிமேல் நிறுத்தினால் யாருக்கு மரியாதை என்றாள். மெட்ராஸா என்று கேட்டேன். அப்போதுதான் எனக்கு அந்த 'மட்டும்' எல்லாம் தெரிந்தது.

காலையில் குன்றின் அடிவாரத்தைப் பார்த்தால் காதுகுத்து மாதிரி இருந்தது. கம்பெனி பேர் போட்ட பனியன், மல்லிப்பூ, புளிச்சோற்றுத் தூக்கு, ஆளுக்கொரு பச்சைப் புங்கங்கொம்பு. நெருப்பு எல்லை மீறினால் அடிக்கத்தான் அந்தக் கொம்பு. துடைப்பம் கட்டுகிறவர்களாச்சே, பழைய துடைப்பத்தைக் கொண்டுவந்து, அவரவர் பங்கைச் சுற்றிச் சருகைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். குன்றின் முதுகு நெடுக ஒரு கூட்டம் ஏற்கனவே ஏறிப்போய்ப் புல்லை அறுத்து வாரி, வெறும் தரையாக்கிவிட்டது. அந்தப் பக்கக் காட்டுக்குள் பொறி போகக் கூடாது இல்லையா. கம்பெனியில் ஷிப்டுக்கு எட்டு மணி நேரம் வேலை வாங்குகிறார்களாம், ஏர்பேட்டுக் கொழுந்தியாள் இங்கே வந்து இரண்டு மணி நேரத்தில் எல்லாரிடமும் அதைவிட அதிகம் வாங்கிக்கொண்டிருந்தாள்.

இன்னொரு கூட்டம் புதருக்குள் நடந்து, தகரத்தைத் தட்டி, உள்ளே இருக்கிற ஜீவன்களைக் கிளப்பிவிட்டது. முயல் ஓடியது, கௌதாரி பறந்தது. ஓட முடியாதது ஆமை ஒன்றுதான். முதுகில் நட்சத்திரம் போட்ட கட்டாமை, எங்கள் பக்கத்தில் நிறைய. அதைத் தேடிப் பிடித்து வெளியே கொண்டுவந்து வைக்காமல் யாரும் குச்சி கிழிக்க மாட்டார்கள்.

அந்த நேரத்தில் ஜீப் வந்தது.

ஆபீசர் இறங்கினார். கூட்டத்தைப் பார்த்தார், கொம்பைப் பார்த்தார், தூக்கைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கூலிக்கு வாருங்கள் என்று மூன்று தரம் ஆளனுப்பியும் ஒருத்தர் வராத ஊர், கூலி இல்லாமல் நாற்பது பேராக நின்றுகொண்டிருந்தது. அவர் அதைத்தான் யோசித்திருக்க வேண்டும். மேலே முதுகு நெடுகக் கூட்டி வைத்திருந்த வெறுந்தரைப் பட்டையை ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தார். அவருக்கு மாசிக்குள் வேண்டியிருந்த லைன் அங்கே பளபளவென்று இருந்தது.

மாமனார் தட்டோடு முன்னால் போனார். இந்தத் தரம் தட்டில் வெற்றிலை பாக்கோடு ஒரு தீப்பெட்டி.

"சாமி கையால வெச்சாத்தான் நல்லா இருக்கும்," என்றார்.

ஆபீசர் தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இதேன்டய்யா", இது என்னய்யா என்று மெதுவாக யாரையோ கேட்டார். எடுக்காமல் இருந்தால் பெரியவரை அவமானப்படுத்தின மாதிரி. எடுத்தால் அவரே வைத்த மாதிரி. மாமனார் நீட்டின கையை மடக்குகிற ஆளும் இல்லை. கடைசியில் அவர் தீப்பெட்டியை எடுத்தார். எடுத்தவர், மரியாதைக்காரர் இல்லையா, இரண்டு அடி நடந்து, அங்கேயே, குன்றின் அடிவாரத்திலேயே குனிந்து, ஒரு குச்சியைக் கிழித்துப் புல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

என் மனைவி ஓடி வந்து, குனிந்து, வாயால் ஊதி அதை அணைத்துவிட்டாள்.

ஆபீசர் கையில் புகைகிற குச்சி. அவருக்கு ஒரு சாண் தூரத்தில் என் மனைவியின் முகம். நான் மனசுக்குள் மெட்ராஸ் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன்.

"கீழ வெச்சா ஓடும் சார்," என்றாள். "மேல வெச்சாத்தான் நடக்கும்."

அவருக்குப் புரியவில்லை. அவள் கையைக் குன்றின் மேல் சரித்துக் காட்டினாள், கொஞ்சம் தமிழ், கொஞ்சம் தெலுங்கு. நெருப்பு மேட்டில் ஏறும்போது தனக்கு முன்னால் இருக்கிற புல்லைக் காயவைத்துக்கொண்டே ஏறும், ஓட்டமாய் ஓடும், மரத்து உச்சிக்குப் போகும், முதுகைத் தாண்டிக் காட்டில் குதிக்கும். மேலேயிருந்து வைத்தால், காற்றுக்கு எதிரே, மெல்ல மெல்ல இறங்கி வரும், கிழவி படி இறங்குகிற மாதிரி. கூடவே நாமும் இறங்கலாம். ஈச்சங் கிழங்கு பிழைக்கும், நாவல் மரத்துக்கு அடி மட்டும் கறுக்கும். இதைச் சொல்லிவிட்டு, கூடவே, இத்தனை நாள் குன்றைப் பூட்டி வைத்தீர்களே, இப்போது அதில் எட்டு வருஷத்துப் புல் இருக்கிறது, சித்திரையில் எவனாவது ஒருத்தன் பீடியைப் போட்டால் உங்கள் லைன் பத்து வந்தாலும் தாங்காது சார் என்றும் சொன்னாள். அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று எனக்கு அப்போது தோன்றியது.

ஆபீசர் குச்சியைக் கீழே போட்டு ஷூவால் தேய்த்தார். "சரே," என்றார். "பைக்கி போதாம்." மேலே போவோம் என்று அர்த்தம்.

மேலே ஏறினோம். ஏறினவுடன் வைக்க முடியவில்லை. கீழ்க்காற்று நிலைத்து வீச வேண்டும் என்று அவள் உட்கார்ந்துவிட்டாள். ஒரு சிட்டிகை சாம்பலை விரலில் எடுத்து விடுவாள், பார்ப்பாள், இல்லை என்பாள். நாற்பது பேரும் ஒரு ஆபீசரும் என் மனைவியின் விரலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம். காத்திருந்த நேரத்தில் அவர் கையில் யாரோ புளிச்சோறு வைத்தார்கள். இன்னொருத்தி, பிடித்து வந்த இரண்டு ஆமைகளை வைக்க இடமில்லாமல், கொஞ்சம் பிடிங்க சார் என்று அவர் தொப்பியைத் திருப்பி அதில் போட்டுவிட்டுப் போனாள். வலது கையில் சோறு, இடது கையில் ஆமை. அவர் என்னைத் திட்டுவதற்குக் கை காலியாக இல்லாதது எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்தது.

பிறகு அவள் தலையசைத்தாள். குச்சியை ஆபீசர்தான் கிழித்தார், மாமனார் விடவில்லை.

நெருப்பு நிஜமாகவே நடந்துதான் வந்தது. முழங்கால் உயரம். சடசட சத்தம் மட்டும் பெரிசு. செத்த ஓலைப் பாவாடையைப் பிடிக்கும்போது ஒரு கணம் ஆள் உயரத்துக்கு எழும்பும், அப்புறம் அடங்கிவிடும். இரண்டு ஓரத்திலும் கொம்போடு ஜனங்கள் கூடவே இறங்கினார்கள், அடித்துக்கொண்டும், ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டும், யாருக்குக் கல்யாணம் நிச்சயம் ஆனது, யாருக்குக் கம்பெனியில் பெர்மனென்ட் ஆனது என்று பேசிக்கொண்டும். பிளந்த பாறைக்குப் பக்கத்தில் ஒரு தரம் காற்று சுழன்று ஒரு நாக்கு வெளியே தாவியது. நான் விசில் ஊதினேன். ஊதி முடிப்பதற்குள் கொழுந்தியாள் நான்கு அடியில் அதை முடித்துவிட்டு, இன்னா மாமா, நெருப்பு போலீசுக்குப் பயப்படுமா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மத்தியானத்துக்குள் முடிந்தது. என் மூன்று நிபந்தனைப்படி எரிய வேண்டியது ஒரு பங்கு. எரிந்தது குன்றின் இந்தப் பக்கம் முழுக்க.

ஆபீசர் கரி பூசின முகத்தோடு ஜீப்பில் ஏறினார். நாளைக்கு நான் வரட்டுமா சார் என்று கேட்டேன். அவர் தொப்பியைத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம் இருபது நாள். நான் தினம் குன்றைச் சுற்றினேன், வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே சுற்றினேன். கறுப்பாக, முடி எடுத்த தலை மாதிரி கிடந்தது. என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் இன்னா வாட்சர், எதைப் பார்த்துக்கினு கீற, இருந்ததுதான் எரிஞ்சு போச்சே என்றார்கள். வீட்டில் பையை நான் மறுபடி உள்ளே வைக்கவில்லை. மனைவியும் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். நடுவில் ஒரு நாள் எங்கிருந்தோ ஒரு மேகம் வந்து அரை மணி நேரம் கொட்டிவிட்டுப் போனது. அதற்கு நாலாவது நாள் காலையில் ஏறிப் பார்த்தேன். கரிக்கட்டை ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பச்சை ஈட்டி. எண்ணிப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன், முடியவில்லை. மெத்தை போன இடத்தில் புல் ஊசி ஊசியாக நின்றது. மான் குளம்பு சாம்பலில் அச்சு அச்சாகப் பதிந்திருந்தது.

அன்றைக்கே ஆபீசர் வந்தார். யாரிடமும் சொல்லாமல் தனியாக ஏறி, நெடுநேரம் கழித்து இறங்கி வந்தார். ஷூ முழுக்கச் சாம்பல். நேராக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, மோர் வாங்கிக் குடித்தார். வரதய்யபாளையம் பக்கம் இன்னும் இரண்டு குன்று இதே மாதிரி மூச்சு முட்டிக் கிடக்கிறது என்றார். அடுத்த வருஷம் லைன் போடும்போது அதையும் இப்படியே செய்யலாம் என்று மேலே எழுதியிருப்பதாகச் சொன்னார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் வேலை பிழைத்தது என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பிறகு அவர் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னார். "குன்னுக்கு ஒரு வாட்சர்தான் சாங்ஷன். நீ மஞ்சிவாடு, நல்லவன்தான். ஆனா நெருப்பு தெரிஞ்சது அந்தம்மாவுக்குதான்."

என் மனைவி மோர்ச் சொம்போடு உள்ளேயிருந்து வந்தாள். நான் அவளைப் பார்த்தேன். வேண்டாம் சார், அவரே இருக்கட்டும் என்று சொல்வாள் என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன், பதினெட்டு வருஷம் குடித்தனம் பண்ணியும் எனக்கு அந்த அளவுக்குத்தான் அவளைத் தெரிந்திருந்தது.

"ஓலை யாரு அறுக்கறது?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

இப்படித்தான் என் வேலை போனது. மெட்ராஸுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. ஆடி மாசம் அந்த ஓலையை நான்தான் அறுத்தேன், நான்தான் சீவினேன், திருப்பதிக்கு நான்தான் கட்டு சுமந்தேன். வியாபாரி தட்டிப் பார்த்தான், ஒரு இணுக்கும் உதிரவில்லை. ராத்திரி என் வீட்டில் என் தட்டில் சோறு. சில நாள் அந்தச் சோற்றை நானே வடிக்கும்படி ஆனது, வாட்சர் அம்மா குன்றிலிருந்து இறங்க நேரமாகும் என்பதால்.

அடுத்த தையில் ஒரு மத்தியானம் ஓலை அறுத்த அலுப்பில் நாவல் மரத்தடியில் உட்கார்ந்து ஒரு பீடியைப் பற்ற வைத்தேன். இரண்டாவது இழுப்பில் பின்னாலிருந்து ஒரு கை வந்து பீடியைப் பிடுங்கிப் பாறையில் தேய்த்தது. குன்றை விட்டு இறங்கு என்றாள். ஏய், நான்தான்மே என்றேன். யாராயிருந்தாலும் இறங்கு என்றாள். இறங்கினேன்.

சாயங்காலம் ஆபீசர் ஜீப்பை நிறுத்தி, ஏதாவது விசேஷமா என்று அவளைக் கேட்டார். ஒருத்தன் மேலே பீடி பிடித்தான், விரட்டிவிட்டேன் என்றாள். யார் என்று கேட்டார்.

"எங்க வூட்டுக்காரரு," என்றாள்.

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்து, பையிலிருந்து பேனாவை எடுத்து, நோட்டில் எழுதிக்கொண்டார்.